லினக்ஸில் கேம் விளையாட முடியுமா? பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறதா? அண்ணன் கல்லூரியில் பயன்படுத்தியது, அக்கா ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது, அல்லது ஈப்போவில் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. திறந்தால் ஓடும். படம் பார்க்கலாம், அசைன்மென்ட் எழுதலாம், நேரம் கிடைத்தால் ஒரு கேமும் ஆடலாம். ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதுவும் 2026 அக்டோபரில் முடிகிறது.

"சரி, விண்டோஸ் 11 போட்டுக்கலாமே" என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்பது விண்டோஸ் 11-இன் நிபந்தனை. 2017-க்கு முன் வந்த பல லேப்டாப்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இத்தனைக்கும் அவற்றின் கீபோர்டும் திரையும் நன்றாகத்தான் இருக்கும்.

கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியா பார்ம் போன்ற ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கனமானது. ஒரு பக்கம் காய்கறிச் சந்தையும் ஸ்ட்ராபெர்ரி தோட்டங்களும், மறுபக்கம் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள். தோட்டத்திலோ சந்தையிலோ உழைத்து வரும் சம்பளத்தில் புது கேமிங் லேப்டாப் என்பது சின்ன செலவு இல்லை. வாங்கவோ பழுது பார்க்கவோ நல்ல கடை வேண்டுமென்றால் பலரும் சிம்பாங் பூலாய் பாதையில் ஈப்போவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

அப்போ அந்தப் பழைய லேப்டாப்பை என்ன செய்வது? லினக்ஸ் பிரியர்கள் சொல்லும் பதில்: "தூக்கிப் போடாதீங்க, லினக்ஸ் போடுங்க." உடனே வரும் எதிர்க்கேள்வி: "அதுல கேம் ஓடுமா?"

சுருக்கமான பதில்: பெரும்பாலான கேம்கள் ஓடும். சில முக்கியமான கேம்கள் ஓடவே ஓடாது. உங்களுக்குப் பிடித்த கேம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. லினக்ஸில் விளையாடுவதை விரும்பும் ஒருவனின் பார்வையில், ஆனால் சலுகை காட்டாமல், விளக்கமாகப் பார்ப்போம்.

லினக்ஸ் என்றால் என்ன? உங்களுக்கு ஏற்கனவே தெரியும்

1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல்தான் லினக்ஸ். கெர்னல் என்பது கணினியின் வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி மாதிரி. அந்தக் கெர்னலைச் சுற்றி மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, பயன்படுத்தத் தயாராகக் கொடுப்பதை டிஸ்ட்ரோ என்பார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா எல்லாம் டிஸ்ட்ரோக்கள். நாம் பேசப் போகும் டிஸ்ட்ரோக்கள் எல்லாமே இலவசம்.

"லினக்ஸா? நான் தொட்டதே இல்லை" என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். பஸ்ஸில் உட்கார்ந்து மொபைல் லெஜண்ட்ஸ் ஆடும்போது நீங்கள் ஏற்கனவே லினக்ஸ் மேல்தான் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். பிரச்சினை கெர்னலில் இல்லை. கணினி கேம்கள் காலங்காலமாக விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டு வந்ததுதான் பிரச்சினை.

தமிழர்களுக்கு இது புதுசா?

இல்லை. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் பின்னணியில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. மலேசியாவிலும் 2004-லேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் திட்டத்தை மாம்பு வெளியிட்டது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2011-இல் ஒரு பதினேழு வயசுப் பையனோ பெண்ணோ அந்த லேப்டாப்பில் லினக்ஸ் பக்கம் போயிருந்தால், நண்பர்கள் ஆடும் கேம்களில் எத்தனை அங்கே கிடைத்திருக்கும்? மிகக் கொஞ்சம். லினக்ஸுக்கான ஸ்டீம் அதிகாரபூர்வமாக வந்ததே 2013-இல்தான். இளைஞர்களிடம் ஒரு இயங்குதளத்தைக் கொடுத்துவிட்டு விளையாட ஒன்றும் இல்லாமல் வைத்தால் அவர்கள் வேறு பக்கம்தான் போவார்கள். கேம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் இது.

என்ன மாறியது?

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1998-இல் தொடங்கப்பட்ட லோக்கி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம், பிரபலமான விண்டோஸ் கேம்களை ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு மாற்றி விற்றுப் பார்த்தது. வியாபாரம் எடுபடவில்லை. 2002-இல் மூடிவிட்டார்கள். ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2015-இல் 'ஸ்டீம் மெஷின்' என்ற பெயரில் லினக்ஸ் கணினிகளைக் கொண்டுவந்தது. அதுவும் தோல்விதான். காரணம் ஒன்றேதான்: லினக்ஸுக்கென்று தனியாக எழுதப்பட்ட கேம்கள் போதவில்லை.

பிறகு வால்வ் வேறு மாதிரி யோசித்தது. கேம் தயாரிப்பாளர்களிடம் "லினக்ஸுக்கு எழுதுங்க" என்று கெஞ்சுவதற்குப் பதிலாக, விண்டோஸ் கேமையே லினக்ஸில் ஓட வைத்தால் என்ன? 2018 ஆகஸ்டில் கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'புரோட்டான்' என்ற கருவியை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி முழுக்க முழுக்க இதை நம்பியே விற்பனைக்கு வந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் ஓஎஸ்.

விளைவு? ஸ்டீம் நடத்தும் மாதாந்தர கணக்கெடுப்பில் லினக்ஸ் பயன்படுத்துவோர் பங்கு 2025 அக்டோபரில் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான். ஆனால் நீண்ட காலம் 1 சதவீதத்தைச் சுற்றியே கிடந்த எண் அது. அடுத்த மாதமே, புதிய ஸ்டீம் மெஷின் வரப்போவதாக வால்வ் மறுபடியும் அறிவித்தது.

புரோட்டான் எப்படி வேலை செய்கிறது?

கியா பார்ம் சந்தையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு சுற்றுப்பயணி ஆங்கிலத்தில் "இரண்டு கிலோ தக்காளி" கேட்கிறார். கடைக்கார அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வராது. பக்கத்தில் நிற்கும் அவர் மகள் உடனே தமிழில் சொல்கிறாள், அவர் எடுத்துக் கொடுக்கிறார். தக்காளி அதே தக்காளி. மொழி மட்டும் நடுவில் மாறியது. மகள் கெட்டிக்காரி என்றால் சுற்றுப்பயணிக்குத் தாமதமே தெரியாது.

புரோட்டான் செய்வது அதேதான். விண்டோஸ் கேம் "இந்தக் கோப்பைத் திற", "இந்தச் சத்தத்தை எழுப்பு" என்று விண்டோஸ் மொழியில் கேட்கும். 1993-இலிருந்து வளர்ந்து வரும் 'ஒயின்' என்ற மென்பொருள் அதை லினக்ஸ் மொழிக்கு மாற்றும். படம் வரையும் வேலைக்கு விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் டைரக்ட்எக்ஸைக் கூப்பிடும். லினக்ஸில் டைரக்ட்எக்ஸ் கிடையாது, அதற்குப் பதில் வல்கன் இருக்கிறது. டைரக்ட்எக்ஸ் 11 வரையிலான அழைப்புகளை டிஎக்ஸ்விகே என்ற பகுதியும், டைரக்ட்எக்ஸ் 12 அழைப்புகளை விகேடி3டி-புரோட்டான் என்ற பகுதியும் வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இது எமுலேட்டர் இல்லை. எமுலேட்டர் என்றால் இன்னொரு கணினியையே மென்பொருளால் நடித்துக் காட்டுவது. அது மெதுவாக இருக்கும். புரோட்டானில் கேமின் கட்டளைகள் உங்கள் பிராசஸரில் நேரடியாகவே ஓடுகின்றன. அதனால்தான் பல கேம்கள் விண்டோஸுக்குச் சமமான வேகத்தில் ஓடுகின்றன. சில இடங்களில் கொஞ்சம் கூடும், சில இடங்களில் குறையும். குறிப்பாக, என்விடியா கார்டில் டைரக்ட்எக்ஸ் 12 கேம் ஆடினால் விண்டோஸைவிட வேகம் குறைவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு தமிழ் உதாரணம் வேண்டுமா? 2023-இல் வெளியான 'வெண்பா' கேமைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் கேம். டொரோண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய அது, 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது. கணினிக்கு அது விண்டோஸ் கேமாகத்தான் வந்தது. சின்னக் குழு ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. புரோட்டான் மாதிரி ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால், குழுவும் கூடுதல் வேலை செய்ய வேண்டாம், லினக்ஸ் வைத்திருப்பவரும் இட்லி அவிக்காமல் ஏமாற வேண்டாம்.

எது ஓடும்?

மூன்று கூடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கூடை, லினக்ஸுக்கென்றே பதிப்பு உள்ளவை. டோட்டா 2, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, ஸ்டார்டியூ வேலி, டெராரியா, ஹாலோ நைட், போர்ட்டல் 2 எல்லாம் இதில் அடங்கும். மலேசியாவில் டோட்டா 2-க்கு எவ்வளவு ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது கூடை, புரோட்டான் வழியாக ஓடுபவை. தனி ஆளாக ஆடும் கதை கேம்களில் பெரும்பகுதி இங்கேதான். ஒரு குறிப்பிட்ட கேம் ஓடுமா என்று பார்க்க புரோட்டான்டிபி என்ற தளம் இருக்கிறது. விளையாடியவர்களே "எனக்கு இந்தக் கார்டில் இப்படி ஓடியது" என்று எழுதியிருப்பார்கள். பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று தரமும் இருக்கும். பிளாட்டினம் என்றால் கவலையே வேண்டாம். சில்வர் என்றால் கொஞ்சம் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது கூடை, காசே வாங்காத திறந்த மூல கேம்கள். கார் பந்தயத்துக்கு சூப்பர்டக்ஸ்கார்ட், பழங்காலப் பேரரசுகளைக் கட்டி ஆள 0 ஏ.டி., முறை வைத்து ஆடும் போருக்கு பேட்டில் ஃபார் வெஸ்னாத், ரயிலும் பஸ்ஸும் ஓட்ட ஓபன்டிடிடி. பழைய லேப்டாப்புக்கு இவற்றில் பலவும் தாராளம். தம்பி தங்கைகளுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட் போட்டுக் கொடுங்கள், அப்புறம் லேப்டாப் உங்கள் கைக்கு வருவது கஷ்டம்.

எது ஓடாது? இதை மறைக்கக் கூடாது

வேலரன்ட் ஓடாது. ஃபோர்ட்நைட் ஓடாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2024 வரை ஒருவாறு ஓடியது, வேன்கார்ட் வந்த பிறகு அதுவும் போச்சு. கணினியில் பப்ஜி ஓடாது. இஏ எஃப்சி 24-உம் அதற்குப் பின் வந்த கால்பந்துப் பதிப்புகளும் ஓடாது. ஜிடிஏ 5-இல் கதைப் பகுதியை ஆடலாம், ஆனால் 2024 செப்டம்பருக்குப் பிறகு ஆன்லைன் பகுதிக்குள் நுழைய முடியாது.

ஏன்? ஒரே சொல்: ஆன்டி-சீட். ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் காவல் மென்பொருள். அதில் சில, விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. கணினியில் நடக்கும் எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. லினக்ஸில் கெர்னலை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். "மாற்றி எழுதக்கூடிய கெர்னலை நாங்கள் எப்படி நம்புவது?" என்று கேம் நிறுவனங்கள் கேட்கின்றன.

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ரேங்க் போட்டியில் மணிக்கணக்கில் உழைத்து மேலே வந்தவருக்கு, எதிரில் ஒருவன் சுவருக்குள் பார்க்கும் சீட் போட்டு அடித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். 2024 அக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸ் பயனர்களைத் தடுத்தபோது அதன் தயாரிப்பாளர்கள் சொன்ன காரணமும் இதுதான்.

மறுபக்கத்தையும் பார்க்கணும். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு பெரிய காவல் மென்பொருள்களும் 2021 முதலே புரோட்டானை ஆதரிக்கின்றன. அதை இயக்குவதும் இயக்காததும் அந்தந்த கேம் நிறுவனத்தின் விருப்பம். ஈஸி ஆன்டி-சீட் எபிக் நிறுவனத்துக்கே சொந்தம், ஆனாலும் எபிக்கின் ஃபோர்ட்நைட் லினக்ஸில் கிடையாது. அதனால் பல இடங்களில் இது தொழில்நுட்பச் சுவர் மட்டும் இல்லை, வணிக முடிவும்தான். கெர்னல் வரை போகும் காவல் இருந்தும் விண்டோஸில் சீட் அடிப்பவர்கள் ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஒரு கேமுக்காக என் கணினியின் முழுச் சாவியையும் கொடுக்கணுமா என்ற கேள்வி நியாயமானது என்பதே என் கருத்து.

ஆனால் கருத்து வேறு, உங்கள் சனிக்கிழமை ராத்திரி வேறு. உங்கள் நண்பர் கூட்டமே வேலரன்ட்டில்தான் கூடுகிறது என்றால் லினக்ஸுக்கு முழுசாக மாறாதீர்கள். கேம் என்பது பாதி நட்பு. கொள்கைக்காக நண்பர்களை இழக்கச் சொல்லும் ஆலோசனை நல்ல ஆலோசனை இல்லை.

உங்கள் லேப்டாப் தாங்குமா?

பழைய லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியது வல்கன் ஆதரவு. புரோட்டானில் இருக்கும் இன்றைய டிஎக்ஸ்விகேவுக்கு வல்கன் 1.3 தேவை.

இன்டெல் பிராசஸர் என்றால் பெயரில் ஐ3, ஐ5-க்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-6200யூ என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை. இந்த இரண்டும்தான் பொன்னான இடம்: விண்டோஸ் 11 ஏற்காது, ஆனால் லினக்ஸில் வல்கன் நன்றாக வேலை செய்யும். நான்காம் தலைமுறை என்றால் வல்கன் ஆதரவு அரைகுறை. அதில் லினக்ஸ் ஓடும், முதல் கூடையிலும் மூன்றாவது கூடையிலும் உள்ள எளிய கேம்கள் ஓடும், புரோட்டானில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். என்விடியா கார்டு இருந்தால் ஜிடிஎக்ஸ் 900 வரிசையோ அதற்கு மேலோ இருப்பது நல்லது.

அதே சமயம், லினக்ஸ் மாயம் செய்யாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் விண்டோஸில் திணறிய கேம் லினக்ஸிலும் திணறும். 4 ஜிபி ரேமை 8 ஆக்கி, சுழலும் ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்கினால் வரும் மாற்றம் எந்த டிஸ்ட்ரோவாலும் வராது. முதல் செலவை அங்கே செய்யுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

1. முதலில் உங்கள் படங்கள், பாடக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி டிரைவிலோ கிளவுடிலோ எடுத்து வையுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸில் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியையும் குறித்து வையுங்கள்.

2. புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிது. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். கேமுக்காக மட்டுமே என்றால், ஸ்டீம் டெக் மாதிரி அனுபவம் தரும் பாஸைட் என்ற டிஸ்ட்ரோ இருக்கிறது, ஆனால் அதற்குக் கொஞ்சம் புதிய வன்பொருள் நல்லது. மின்ட் கோப்பு சுமார் 3 ஜிபி வரும்.

3. அதை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள். எதையும் அழிக்காமலே லினக்ஸைத் தொட்டுப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், திரை வெளிச்சம் எல்லாம் வேலை செய்கிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும். பிடிக்கலையா? பென்டிரைவைப் பிடுங்குங்கள், அவ்வளவுதான்.

4. பிடித்திருந்தால் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவலாம். கணினியைத் தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். இதற்கு டூயல் பூட் என்று பெயர்.

5. மென்பொருள் மேலாளரில் ஸ்டீமை நிறுவுங்கள். அமைப்புகளில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியில் புரோட்டான் இயங்குகிறதா என்று பாருங்கள். எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கிய கேம்களுக்கு ஹீரோயிக் என்ற மென்பொருள் இருக்கிறது.

6. விண்டோஸ் டிரைவில் ஏற்கனவே இருக்கும் கேமை அங்கிருந்தே லினக்ஸில் ஓட்டப் பார்க்காதீர்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை புரோட்டானோடு அடிக்கடி மல்லுக்கு நிற்கும். லினக்ஸ் பகுதியில் புதிதாக நிறுவுங்கள்.

மலைப்பகுதியில் இணையம் மெதுவாக இருந்தால்?

50 ஜிபி கேமை மொபைல் டேட்டாவில் இறக்குவது யாருக்குமே கட்டுபடியாகாது. 2023 பிப்ரவரியில் ஸ்டீம் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ஒரே வீட்டு வைஃபையிலோ ஒரே கேபிளிலோ இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையில், ஏற்கனவே நிறுவிய கேம் கோப்புகளை நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். நல்ல இணையம் உள்ள இடத்தில் ஒருவர் இறக்கினால், நண்பர்கள் அவர் வீட்டுக்கு லேப்டாப்போடு வந்து எடுத்துக்கொள்ளலாம். இணைய டேட்டா ஏறக்குறைய செலவே ஆகாது. ஆனால் கேம் விலை கொடுத்து வாங்கியதாக இருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கியிருக்க வேண்டும். ஸ்டீமில் விலை ரிங்கிட்டிலேயே காட்டும், தள்ளுபடி நாட்களில் பழைய கேம்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கே கிடைக்கும்.

இங்கே கிராக் செய்த கேம்களைப் பற்றியும் சொல்லியாகணும். "ஃப்ரீயா கிடைக்குதே" என்று பென்டிரைவில் கைமாறும் கேம்களோடு வைரஸும் கைமாறும். ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-இல் அதை ஓட்டுவது, பூட்டு உடைந்த வீட்டில் கதவையும் திறந்து வைப்பது மாதிரி. அதே லேப்டாப்பில்தான் அம்மாவின் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தமிழில் பயன்படுத்த முடியுமா?

முடியும். லினக்ஸ் மின்ட்டை நிறுவும்போதே மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முழுமையாக இருக்காது. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. ஒரு சொல் தவறாகத் தெரிந்தால் நீங்களே திருத்தி அனுப்பலாம் என்பதுதான் இதில் உள்ள சுகம். எஸ்பிஎம் தமிழ் எழுதிய உங்களுக்கு அதற்கான தகுதி தாராளமாக இருக்கிறது.

கடைசியாக, மாறலாமா வேண்டாமா?

உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்கும், நீங்கள் ஆடுவது வேலரன்ட், ஃபோர்ட்நைட், கால்பந்து என்றால் இருக்கிற இடத்திலேயே இருங்கள். லேப்டாப் ஏற்காது, நீங்கள் ஆடுவது டோட்டா, மைன்கிராஃப்ட், கதை கேம்கள் என்றால் லினக்ஸை ஒரு வார இறுதி முயன்று பாருங்கள். இரண்டும் கலந்த ஆள் என்றால் டூயல் பூட் போதும். ஆனால் விண்டோஸ் 10 பக்கத்தைக் கேமுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலையையும் படிப்பு வேலையையும் லினக்ஸ் பக்கம் கொண்டு போங்கள்.

ஒரு கணினி பழசாகிவிட்டதா என்பதை அதை விற்ற நிறுவனம் மட்டும் தீர்மானிக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்கிய உங்களுக்கும் அதில் ஒரு வார்த்தை உண்டு. அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்குத் தேவை ஒரு பென்டிரைவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான். சந்தை நெரிசலில் ரோடு அடைத்துக் கிடக்கும் நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள். எப்படியும் வெளியே போக முடியாது.